தோட்டத்துச் சனங்களின் வரிக்காகச் சிறை போன தில்லையாடி வள்ளியம்மை

கம்போங் ராஜாவில் விடிகாலைக் குளிர் எப்படி இருக்கும் என்று கீழே பட்டணத்தில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. பனி லயத்து வாசல்வரை வந்து நிற்கும். வாளித் தண்ணீரில் கையை விட்டால் விரல் மரத்துப் போகும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, சூடாக ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால்தான் கூடையைத் தூக்கவே உடம்பு ஒத்துக்கொள்ளும். குளிர் என்றால் என்ன என்று தேயிலைத் தோட்டத்து ஆளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் இந்த வாரம் உங்களைக் குளிர் நிறைந்த ஒரு மேட்டு நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். போகிற இடம் கோயில் இல்லை, கடைத்தெருவும் இல்லை. ஒரு பழைய சிறைச்சாலை! வாங்க, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

குன்றின் மேல் ஒரு சிறை

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் என்று ஒரு பெரிய பட்டணம். நம்ம கம்போங் ராஜாவைவிட உயரமான இடத்தில் இருக்கிறது. அந்தப் பட்டணத்தின் நடுவில் ஒரு குன்று. அதன் மேல் பழைய கோட்டையும், கோட்டையை ஒட்டிச் சிறைக்கூடங்களும் நிற்கின்றன. 1983-ல் அந்தச் சிறையை மூடிவிட்டார்கள். இன்று அதற்கு அரசியல் சட்டக் குன்று என்று பெயர். பணம் கட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? கறுப்பர்களையும் மற்ற நிறத்தவர்களையும் அடைத்து வைத்த நான்காம் எண் சிறை இருக்கிறது. ஆளைக் கட்டிவைத்துக் கசையால் அடித்த மரச்சட்டம் இருக்கிறது. தனிமைச் சிறை அறைகள் இருக்கின்றன. மறைப்பு இல்லாத கழிவறை இருக்கிறது. எந்தத் தோலுக்கு எந்தச் சாப்பாடு என்று அளந்து கொடுத்த கணக்கையும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் பெண்கள் சிறை.

காந்தியடிகள் தம் வாழ்நாளில் முதன்முதலாகச் சிறைவாசம் அனுபவித்தது இந்தக் குன்றில்தான். அது 1908 ஜனவரியில். நெல்சன் மண்டேலாவையும் 1962-ல் இங்கே பூட்டி வைத்தார்கள். இப்போது அந்த நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றமே இந்தக் குன்றின் மேல் இருக்கிறது. 2004-ல் திறந்தார்கள். சிறையின் ஒரு பகுதியை இடித்து, அந்தச் செங்கல்லையே எடுத்து நீதிமன்றச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். அநியாயம் நடந்த இடத்துக் கல்லை நியாயம் சொல்லும் வீட்டுக்குச் சுவராக்கி விட்டார்கள்! 2024-ல் இந்தக் குன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது.

இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. காந்தியோடு அந்தச் சிறைக்குப் போனவர்களில் ஏராளமானோர் நம்ம சனங்கள். தமிழர்கள். தம்பி நாயுடு என்ற ஒரு மனிதர் பதினான்கு தடவை சிறைக்குப் போனவர். நாகப்பன் என்று ஒரு பையன், வயது பதினெட்டு. 1909 ஜூன் மாதம் அவனுக்குப் பத்து நாள் கடுங்காவல் விதித்தார்கள். அங்கே ஜூன் மாதம்தான் கடுங்குளிர். சாலை போடும் கைதிகளின் முகாமில் விடிகாலைக் குளிரில் வேலை வாங்கினார்கள். சளி நெஞ்சில் கட்டி, நுரையீரல் வீங்கி, விடுதலையான ஒரே வாரத்தில், ஜூலை 6-ஆம் தேதி அந்தப் பையன் செத்துப்போனான்.

அதே ஊரில் அப்போது பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். அவள்தான் வள்ளியம்மை. இன்றைக்கு நம்ம கதை அந்தப் பெண்ணுடையது.

பழக்கடைக்காரர் மகள்

தில்லையாடி என்பது தஞ்சைத் தரணியில் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அந்த மண்ணைச் சேர்ந்த முனுசாமி முதலியாரும் அவர் மனைவி மங்களமும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறினார்கள். முனுசாமி முதலியார் பழமும் காய்கறியும் விற்கும் கடை வைத்திருந்தார். 1898-ல் அங்கே பிறந்தவர் வள்ளியம்மை. தில்லையாடி என்ற ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதே தவிர, அந்த ஊர் மண்ணை மிதிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி! பாட்டன் ஊர்ப் பெயரை வாய் நிறையச் சொல்வோம், போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பழக்கடைக் குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை. ஆனால் தோட்டத்துக் கூலிக் குடும்பமும் இல்லை. மூன்று வேளை சாப்பாட்டுக்குக் குறை இருந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும். முனுசாமி முதலியாரும் சும்மா இருந்த ஆள் இல்லை. இந்தியர்கள் ரேகை வைத்துப் பதிய வேண்டும், பதிவுச் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று டிரான்ஸ்வால் அரசு போட்ட சட்டத்தை எதிர்த்து நடந்த சத்தியாக்கிரகத்தில் அவரும் சேர்ந்தவர். ஆக, வள்ளியம்மை வளர்ந்த வீட்டில் சிறை என்ற சொல் பயமுறுத்தும் சொல்லாக இருந்திருக்க முடியாது.

மூன்று பவுன் வரி

இப்போது நெட்டாலுக்குப் போவோம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தென்கிழக்கே, கடலோரம் வரை போகும் மாகாணம் அது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் துரூரோ என்ற கப்பல் வந்து நின்றது. சென்னையிலிருந்து வந்த கப்பல். அதில்தான் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். அன்று தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மலாயாவுக்கு நம்ம முன்னோரைச் சுமந்து வந்த கப்பல்களும் அதே கரையிலிருந்துதான் புறப்பட்டன. ஒரே வறட்சி, ஒரே கடன், ஒரே கரை. கப்பல் மாறிப்போனதால் நாடு மாறிப்போனது, அவ்வளவுதான்!

அவர்கள் கரும்பு வெட்டினார்கள், நிலக்கரி தோண்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். உங்களுக்கு ஒரு ஆச்சரியம்: அங்கே தேயிலையும் இருந்தது. நெட்டால் கடலோரத்துக் குன்றுகளில் கொழுந்து கிள்ளியதும் இந்த ஒப்பந்தக் கைகள்தாம். 1911-க்குப் பிறகு ஆள் வருவது நின்றுபோனதும் அந்தத் தேயிலையும் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போனது. கை இல்லாமல் கொழுந்து ஏது?

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 சில்லிங். வருடத்துக்கு ஒரு சில்லிங் கூடும். ஐந்தாவது வருடம் 14 சில்லிங். ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் சுதந்திரமாகி, துண்டு நிலம் வாங்கி, காய்கறி போட்டு, சந்தையில் விற்று முன்னுக்கு வரத் தொடங்கினான். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அது பொறுக்கவில்லை. கூலி கூலியாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தார்கள். 1895-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வருகிறவன், காலம் முடிந்தபின் மறுபடி ஒப்பந்தத்தில் கட்டுப்படாமல் நெட்டாலில் தங்கினால், ஒவ்வொரு வருடமும் 3 பவுன் வரி கட்ட வேண்டும்!

ஆணுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும் வரி. 1903-ல் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பையனுக்குப் பதினாறு வயது, பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டால் அவர்களுக்கும் தலைக்கு 3 பவுன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுனுக்கு 20 சில்லிங். மாதம் 14 சில்லிங் சம்பாதிக்கிறவனுக்கு வருடத்தில் வருவது 168 சில்லிங், அதாவது 8 பவுன் 8 சில்லிங். புருஷன், பெண்டாட்டி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்று இருந்தால் வரி மட்டும் 12 பவுன். வருமானமே 8 பவுன், வரி 12 பவுன்! கட்ட முடியாதவனுக்கு இரண்டே வழி. ஒன்று சிறை. இன்னொன்று, மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு. சட்டத்தின் நோக்கமே அந்த இரண்டாவது வழிதான். வெளியே பார்த்தால் வரி, உள்ளே பார்த்தால் விலங்கு.

1912-ல் கோகலே அங்கே போய் மந்திரிகளைக் கண்டு பேசினார். வரியை எடுத்துவிடுவதாக வாக்குக் கிடைத்தது என்று நம்பித் திரும்பினார். பிறகு அரசாங்கம் அப்படி ஒரு வாக்கே கொடுக்கவில்லை என்று கையை விரித்துவிட்டது. அது போதாதென்று 1913 மார்ச் 14-ஆம் தேதி, கேப் டவுனில் செர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறையில் நடக்காத, அரசாங்கத்தில் பதியாத கலியாணம் அந்த நாட்டில் செல்லாது என்பது அதன் சாரம். தாலி கட்டிப் பிள்ளை பெற்று வாழ்ந்த நம்ம பெண்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆகிவிட்டது!

அடுப்படியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றது அப்போதுதான்.

பெண்கள் புறப்பட்டார்கள்

டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் 1913 அக்டோபரில் நெட்டாலுக்குள் நுழைந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லாருமே தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தம்பி நாயுடுவின் மனைவி அதில் இருந்தார். அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டுவதே குற்றம். பிடித்துச் சிறையில் போடட்டும் என்றுதான் தாண்டினார்கள். பிடிக்கவில்லை. நேரே நியூகாசில் என்ற நிலக்கரி ஊருக்குப் போனார்கள். சுரங்கத்து லயங்களுக்குள் புகுந்து, 3 பவுன் வரி போகும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள்.

சொன்னது தமிழில். கேட்டவர்களில் அதே மொழிக்காரர்கள் நிறையப் பேர். பிறகு என்ன? சுரங்கம் சுரங்கமாக வேலை நின்றது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் பெண்களைப் பிடித்து மூன்று மாதச் சிறை கொடுத்தார்கள். ஆனால் பற்றிய நெருப்பு அணையவில்லை.

அந்த முதல் கூட்டத்தில் வள்ளியம்மை இல்லை. அக்டோபர் 29-ஆம் தேதி புறப்பட்ட அடுத்த கூட்டத்தில் அவர் சேர்ந்தார். தனியாக இல்லை, தாயார் மங்களமும் கூடவே. அப்பா உடம்பு சரியில்லாமல் இருந்த நேரம் அது. வீட்டில் ஒரு நோயாளி, வெளியே ஒரு போராட்டம். தாயும் மகளும் வாசலைத் தாண்டினார்கள்.

இங்கேதான் நான் முன்னே சொன்னதை நினைத்துப் பார்க்க வேண்டும். 3 பவுன் வரி நெட்டாலில் ஒப்பந்தம் முடித்த கூலிகளுக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் பழக்கடை வைத்திருந்தவர் வீட்டுக்கு அந்த வரி இல்லை. வள்ளியம்மை கைப்பணத்திலிருந்து ஒரு சில்லிங்கூட அதற்குப் போகப்போவதில்லை. வரி போனாலும் அவருக்கு லாபம் இல்லை, வரி இருந்தாலும் நட்டம் இல்லை. அப்படியும் போனார். யாருக்காக? கரும்புக் காட்டிலும் நிலக்கரிக் குழியிலும் தேயிலை மேட்டிலும் கிடந்த, முன்பின் பார்த்திராத சனங்களுக்காக. அந்தச் சனங்களின் வீட்டில் பதின்மூன்று வயது தாண்டிய ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் வரி. வள்ளியம்மைக்கு அப்போது பதினைந்து. அந்த லயங்களில் தன் வயதுப் பெண்களைப் பார்த்திருப்பார் அல்லவா?

தாயும் மகளும் நெட்டாலில் பல ஊர்களுக்குப் போய்க் கூட்டங்களில் பேசினார்கள். பதினைந்து வயதுப் பெண் தொழிலாளர் முன்னால் நின்று வேலை நிறுத்தம் செய்யுங்கள் என்று சொன்னதைக் கற்பனை செய்து பாருங்கள். நம்ம வீட்டில் அந்த வயதில் பிள்ளை மூன்றாம் பாரம் படிக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் சொல்லவே கூச்சப்படும்.

நாடே கொந்தளித்த நாட்கள்

நவம்பர் 6-ஆம் தேதி காந்தி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கினார். கையில் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையும். வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்துபோயின. ஒன்று குளிரில். இன்னொன்று ஓடை கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போய்விட்டது. அந்தத் தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை.

காந்தியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நடந்தவர்களை ரயிலில் ஏற்றி, சுரங்கங்களுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். சுரங்க வளாகத்தையே சிறை என்று அறிவித்து, மேஸ்திரிகளையே காவலர்களாக்கி, குழிக்குள் இறங்கு என்று அடித்தார்கள். வேலை நிறுத்தமோ கடலோரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. ஆயிரமாயிரம் பேர் கத்தியைக் கீழே போட்டார்கள். துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டுச் செத்தார்கள். ஹர்பத் சிங் என்ற எழுபது வயது தாண்டிய கிழவர், ஒப்பந்தக் கூலியாக வந்தவர், சிறையிலேயே 1914 ஜனவரியில் கண்ணை மூடினார். சட்டம் படித்தவர் காந்தி. சட்டத்தை அசைத்தது கைநாட்டுக்காரர்கள்.

சிறைக்குள் காய்ச்சல்

1913 டிசம்பரில் வள்ளியம்மையையும் தாயாரையும் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். கொண்டுபோன இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை. 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கித் தள்ளினார்களே, அதே ஊர். காந்தியின் மனைவி கஸ்தூரிபாயையும் அந்த வருடம் அதே சிறையில்தான் வைத்திருந்தார்கள்.

பெண்களுக்கு அங்கே கொடுத்த வேலை துணி வெளுப்பது. கல்லில் அடித்துத் துவைத்து, பிழிந்து, நாள் முழுக்க ஈரத்திலேயே நிற்கும் வேலை. சாப்பாடு படுமோசம். வெளியிலிருந்து யாரும் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கவும் விடவில்லை. கஸ்தூரிபாய் வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக, பார்த்தவர்கள் அடையாளம் தெரியாமல் திகைக்கும்படி இருந்தார்.

வள்ளியம்மை சிறைக்குப் போன சில நாட்களிலேயே காய்ச்சலில் விழுந்தார். விடாத காய்ச்சல். வளர்கிற வயது, சத்தில்லாத சாப்பாடு. உடம்பு கரைந்தது. சிறை அதிகாரிகளுக்கே பயம் வந்துவிட்டது. காலம் முடியுமுன்னே வெளியே போகலாம் என்று சொன்னார்கள். அவர் போக மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். போயிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? பச்சைப் பிள்ளை, காய்ச்சல் வேறு, தாய் மடியில் போய்ப் படுக்கட்டும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு வேறு. வெளியே ஆயிரக்கணக்கான பேர் சிறையில் இருக்கும்போது, நோயைக் காரணம் காட்டித் தான் மட்டும் வெளியே வருவது சரியில்லை என்று முடிவு செய்தார். தான் கூட்டம் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தியவர்கள் அடிபடுகிறார்கள், நான் எப்படி வீட்டுக்குப் போவது என்ற எண்ணம் இருந்திருக்கும். சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர்கள் எல்லாருக்கும் இது ஒரு பாடம்தான்.

1914-ன் தொடக்கத்தில், பேச்சுவார்த்தை நடக்கத் தொடங்கிய காலத்தில், அவர் விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். வந்தது வள்ளியம்மையின் நிழல்தான். காந்தி போய்ப் பார்த்தார். உயரமான பெண், உடம்பு வற்றிப்போய்ப் படுக்கையோடு கிடந்த கோலத்தைப் பார்க்கவே அச்சமாக இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். சிறைக்குப் போனதற்காக இப்போது வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இல்லை, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றார் அந்தப் பெண். செத்துப்போக நேர்ந்தால் என்று கேட்டதற்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை, தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் பிரியம் இருக்காது என்ற பொருளில் பதில் சொன்னார். தாய்நாடு என்று அவர் சொன்னது கண்ணால் காணாத ஒரு நாட்டை.

1914 பிப்ரவரி 22. வள்ளியம்மை கண்ணை மூடினார். அவர் பிறந்த நாளும் பிப்ரவரி 22 என்றே சொல்லப்படுகிறது. பதினாறு வயது நிறைந்த அன்றே ஆயுளும் நிறைந்துவிட்டது.

வரி ஒழிந்தது

அந்த வருடத்தின் நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. பழைய பாக்கியையும் கேட்பதில்லை என்று ஆனது. நம்ம முறைக் கலியாணமும் செல்லும் என்று ஆனது. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. நிற வெறி அந்த நாட்டில் பின்னால் இன்னும் கொடுமையாக வளர்ந்தது, 1994-ல்தான் எல்லா மக்களும் சேர்ந்து ஓட்டுப்போட முடிந்தது. ஆனாலும் வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு வரி கட்டு என்று லயத்து வாசலில் வந்து நிற்கும் காலம் அன்றோடு முடிந்தது.

1914 ஜூலை 18-ஆம் தேதி காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறினார். அதற்கு மூன்று நாள் முன்னே, ஜூலை 15-ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்பான்டீன் இடுகாட்டில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் நினைவுக்கல் திறக்கும் சடங்கு நடந்தது. காந்தி அதில் கலந்துகொண்டார். போராட்டத்தின் பாரத்தை மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சுமந்தவர்கள் தமிழர்களே என்று அந்த நாட்களில் அவர் வெளிப்படையாகப் பேசினார். 1915-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது தில்லையாடிக்கே போய் அந்த மண்ணைப் பார்த்தார். மகள் மிதிக்காத மண்ணை, மகளின் நினைவாக அவர் மிதித்தார்.

கல் நிற்கிறது, பெயர் நிற்கிறதா?

பிராம்பான்டீனில் இருந்த கல்லறைகள் காலப்போக்கில் கவனிப்பாரற்றுப் போய், நிற வெறி ஆட்சி ஒழிந்த பிறகு 1997-ல் மறுபடி சீர்செய்யப்பட்டன. தில்லையாடியில் 1971-ல் நினைவு மண்டபம் எழுந்தது. 2008 டிசம்பர் 31-ஆம் தேதி இந்திய அரசு வள்ளியம்மைக்குத் தபால்தலை வெளியிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பழைய சிறைக் கட்டடமும் இடிபடவில்லை. கைதிகள் போய்விட்டார்கள். இன்று அங்கே தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள், சிறையின் கதையையும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். பூட்டி வைத்த இடம் கற்றுக்கொடுக்கும் இடமாக மாறியிருக்கிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூரில் புடு சிறை இருந்தது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் நின்ற கட்டடம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி தூக்கிலிட்ட இடம் அது. அவர் வழி சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் பெயரே தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். 1996-ல் சிறையை மூடினார்கள். சில காலம் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்தார்கள். 2012-க்குள் இடித்து முடித்துவிட்டார்கள். முன் வாசல் மட்டும் மிச்சம். உள்ளே பெரிய பெரிய கடைகளும் கட்டடங்களும். வாசல் இருக்கிறது, வீட்டைக் காணோம்!

சிறைக்கே இந்தக் கதி என்றால் நம்ம லயங்களுக்கு யார் கேட்பது? 1929-ல் கேமரன் மலையில் தேயிலை போடத் தொடங்கிய காலத்தில் காட்டை வெட்டி, மேட்டைச் சமன்படுத்தி, செடி நட்டவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? பழைய லயம் இடிகிறது. இடியட்டும், நல்ல வீடு வந்தால் நல்லதுதான். ஒழுகுகிற கூரையைக் காட்சிப் பொருளாக வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த லயத்தோடு சேர்த்து அங்கே வாழ்ந்தவர்களின் கதையையும் இடித்துத் தள்ளிவிடக் கூடாது.

தென்னாப்பிரிக்கக்காரர்கள் சிறையைக் காப்பாற்றி வைத்திருப்பது, அதன் அழகைப் பார்ப்பதற்கு இல்லை. கசையடிச் சட்டத்தில் என்ன அழகு இருக்கிறது? பேரன் வந்து பார்த்து, இது என்ன என்று கேட்க வேண்டும், பாட்டன் பட்டதைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். கேட்க ஒரு பிள்ளையும் சொல்ல ஒரு பெரியவரும் இருந்தால், சிறையும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அது நம்ம வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை அடுப்புக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து வள்ளியம்மை கதையைச் சொல்லுங்கள். தன் வீட்டுக்கு வராத வரிக்காக, முகம் தெரியாத தோட்டத்துச் சனங்களுக்காகச் சிறை போன பதினைந்து வயதுப் பொண்ணு என்று சொல்லுங்கள். வெளியே விடுகிறேன் என்று சொல்லியும் வராதவள் என்று சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும், மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாட்டியைக் கேளுங்கள். உங்கள் அப்பா எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார், முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு விடியும்போது பனி இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது குளிர் எலும்பைக் குத்தும். அப்போது, குளிரில் கல் உடைத்த நாகப்பனையும், காய்ச்சலோடு துணி துவைத்த வள்ளியம்மையையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நமக்கு அந்நியர் இல்லை. வேறு கப்பலில் ஏறிய நம்ம சொந்தக்காரர்கள்.